தெரியாமல் ஓடிய எஞ்சின்

எனக்கு உதவிக்கு வந்த ராஜபாளையத்து மெக்கானிக் அதுவரை டிராக்டர்களை மட்டுமே பார்த்தவர். நெற்றி நிறைய விபூதி. ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துத்தான் சத்தத்தைக் கேட்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க் கரையில் மீன் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. நான் வரைபடம் போட்டு எஞ்சின் பொருத்திய சிறு மீன்பிடி படகு உடனே இறங்கியாக வேண்டும்.

சோதிக்க எஞ்சினை ஓட்டியதும் அவர் பதறினார். "சைலன்சர்ல தண்ணி வருது தாயி! கேஸ்கட் போச்சு, எஞ்சினுக்குள்ள தண்ணி கசியுது. ஹெட்டைக் கழத்திருவோம்."

"இல்ல அண்ணாச்சி, புகை போற ரப்பர் ஹோஸ் சூட்டுல கருகாம இருக்க நாமதான் அதுக்குள்ள தண்ணிய விடுறோம். ஹோஸை மேல தூக்கி, வளைச்சு இறக்குங்க. இல்லேன்னா கண்மாய்த் தண்ணி எஞ்சினுக்குள்ள ஏறிரும்."

"நாமளே விடுதோமா? எம்புட்டு தண்ணி!"

நம்பாமலேயே, நான் வரைந்ததைவிட அழகாக வளைத்துக் கட்டினார். படகு நன்றாக ஓடியது. அவர் முகத்தில் மட்டும் கவலை போகவில்லை.

"ஓடுதே அண்ணாச்சி?"

"ஓடுது தாயி. கேஸ்கட் போனது தெரியாம ஓடுது."

எஞ்சினின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாகத்தான் சொன்னார்.