நடுவில் விழும் காலி இடம்

நான் கொட்டச்சேடு என்கிற மலைக் கிராமத்தில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். ஒல்லியான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். மெமரியில் பெரிய தகவலை முதலிலும் சிறியதைப் பின்னாலும் வைத்தால் நடுவில் காலி இடம் விழாது என்று, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“மெமரிதான் இப்ப நொம்பக் கெடக்குதுங்களே, நாலு பைட்டு வீணாப் போனா என்னங்க?” என்றேன்.

“சும்மா காலியாக் கெடந்தா எனக்கு ஆகறதில்லீங்க.”

ஒருநாள் அவர் வீட்டுக்குள் போனேன். கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் முன்னறையிலேயே இருந்தன. மற்ற மூன்று அறைகளும் பூட்டிக் கிடந்தன. இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றார்.

நான் எழுந்ததும், “இன்னுங் கொஞ்ச நேரம் இருங்க” என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். எனக்கு அன்று ஒரு வேலையும் இல்லை.