இருபத்திரண்டு என்று கண் சிமிட்டிய வேன்

சூடான எஞ்சினில் சந்தன வாசனை வந்து பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் வேனில் வந்தது. பெட்ரோல் நாற்றம் பாதி, சந்தனம் பாதி... மலேசியாவில், கூலாயிலிருந்து செனாய் போய்ச் சேரும்வரை மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். "கோயிலுக்குள்ள போற மாதிரியே இருக்குக்கா" என்பார்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

வேனை ஓட்டியது என் அம்மாதான். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வேனை வாங்கி, ஃபேக்டரிப் பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்திருந்தார். நானும் அப்போதுதான் அங்கே ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முன் சீட்டு எனக்கு.

வேனின் மைலேஜ் மீட்டர் எப்போதோ ஒரு முழுச் சுற்று ஓடி முடித்துப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது. "அதுக்கு இது ரெண்டாவது ஜென்மம்" என்பார் அம்மா.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை... டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் கரும்புகை வேறு. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடித்தது.

"என்னக்கா, வேனுக்கு மஞ்சக்காமாலையா?"

பின் சீட்டு முழுக்கச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆள் ஏற்றும் வேன் அதில் பாஸாகாவிட்டால் ரோட்டில் ஓட முடியாது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒருவர் ஏர்கான் வைத்த புது வேனோடு தயாராகக் காத்திருந்தார். நம் பெண்கள் ஒரு வாரம் அதில் உட்கார்ந்து பழகிவிட்டால் திரும்பி வருவார்களா, சொல்லுங்கள்?

"இந்த ஸ்டீயரிங்க விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல பாப்பா," என்றார் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

மெக்கானிக் ஆ சாய் சீனர். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, எஞ்சின் ஓரமாக இருந்த சின்னப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளில் செருகினார். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. இரண்டு தடவை... கொஞ்சம் நிறுத்தி... மறுபடி இரண்டு.

"டுவா புலு டுவா! இருபத்திரண்டு. தண்ணி சூட்ட பாக்குற சென்சார் லா."

அந்த சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால், எஞ்சின் குளிரில் உறைந்துகிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்குமாம். ஜோகூர் வெயிலில் நின்றுகொண்டு குளிரில் நடுங்கும் வேன்! எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

புது சென்சார் போட்டார். விளக்கு அணைந்தது. மறுநாள் காலை... ஜம்மென்று மறுபடி எரிந்தது.

"அலமாக்... அப்ப கம்ப்யூட்டரே போயிருக்கும்க்கா," என்று தலையைச் சொறிந்தார் ஆ சாய்.

அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு குட்டி முருகன் ஸ்டிக்கரை எடுத்து விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார். மஞ்சள் வெளிச்சம் முருகனைச் சுற்றிக் கசிந்தது.

"பாத்தியா, ஒளிவட்டம்."

"மா, இன்ஸ்பெக்‌ஷன்ல அத பிரிச்சுப் பாப்பாங்கம்மா."

"முருகனையா? கைய வைக்கட்டும், பாப்போம்!"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆ சாயிடம் அந்த கிளிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து வந்ததும் முருகனை மெல்லத் தூக்கிவிட்டு எண்ணுவேன். இரண்டு... இரண்டு. எப்போது கேட்டாலும் வேன் அதையேதான் சொன்னது. புது சென்சார் இருக்கும்போது ஏன் அதே நம்பர்? வேன் பொய் சொல்கிறதா, நமக்குத்தான் புரியவில்லையா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து வந்து பானட்டைத் திறந்தேன். குப்பென்று சந்தனம்.

அப்போதுதான் உறைத்தது. பூஜைக்கு வைத்த பொட்டெல்லாம் மழையிலும் கழுவியதிலும் எப்போதோ போய்விட்டதே... அப்புறம் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

குனிந்து மோப்பம் பிடித்தேன். "என்னாடி, நாயாட்டம்!" என்றார் அம்மா. மூக்கு போய் நின்ற இடம், சென்சாரில் மாட்டும் ஒயர் ப்ளக். கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ப்ளக்கின் வாய் நிறையக் காய்ந்த சந்தனம். நடுவில், அழகாக, குங்குமம்.

"மா... இதுக்குமா பொட்டு வச்சீங்க?"

அம்மா எட்டிப் பார்த்தார். "எல்லாத்தயும் கழட்டித் தொடச்சு வச்சேன். அது மட்டும் வெறும் நெத்தியோட இருந்தா நல்லாவா இருக்கும்?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆ சாய் சென்சாரைத்தான் மாற்றினார். ப்ளக்கின் வாய்க்குள் சாமி கும்பிட்டிருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? விஷயத்தைக் கேட்டு அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஸ்ப்ரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினோம். விளக்கு அணைந்தது, புகையும் நின்றது.

இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். அம்மா தாமானுக்குள் நுழையும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு, கன்னத்தில் கண்ணீர். அப்படி ஒரு அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

பின் சீட்டுப் பெண்களுக்குத்தான் குறை. "கோயில் வாசன எங்கக்கா போச்சு?"

இப்போது என் காரும் கிழடாகிவிட்டது. தினமும் சிங்கப்பூர் போய் வந்து தேய்ந்த கார். அந்த மஞ்சள் விளக்கு அடிக்கடி எரியும். கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால் போதும், கோட் நம்பரும் அதன் அர்த்தமும் போனில் வந்துவிடும். வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போன் சொன்ன சாமானை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன்... குனிந்து மோந்து பார்க்கத் தோன்றுவதே இல்லை.

அம்மா இப்போது ஓட்டுவதில்லை, முழங்கால் விடவில்லை. இந்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு காரிடம் வந்தார். பானட்டைத் திறந்து காட்டினேன். உள்ளே எல்லாவற்றையும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியிருந்தது.

"எஞ்சின் எங்க பாப்பா?"

"அடியில இருக்குமா. இப்பல்லாம் அப்படித்தான்."

பிளாஸ்டிக் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தார்.

"இதுதான் எல்லாத்தயும் சொல்லுதா?"

வாங்கி, மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வாய் இந்தப் பக்கந்தானே?" என்று என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் முதுகில் பொட்டு வைத்தார்.