இரண்டு தடவை வந்த சீப்பு

அந்தப் பனியன் முதுகில் இருந்த பத்துப் பாட்டில் எது நல்ல பாட்டு என்று கேட்டால் நான் ஒன்பதாவது என்பேன். என் கூட்டாளி ஐந்தாவது என்பார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிதார் வாசித்தவர். மெதுவாக ஆரம்பித்து மெதுவாக ஏறுகிற பாட்டென்றால் அவருக்கு உயிர். நான் சோமனூரில் விசைத்தறி ஓட்டியவன். எனக்கு எடுத்த எடுப்பிலேயே ஓட வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். "சுத்திச் சுத்திப் போறீங்கப்பா, நேரா சொல்லுங்க" என்கிறாள். நேராகச் சொல்ல எனக்கு வராது. தறியில் ஊடை நூலைச் சுமக்கிற நாடாகூட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தால்தான் துணி விழும்.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று அருள்புரம் பக்கம் குடிவந்த பிறகு, பனியனில் படம் அச்சடிக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். நீளமான டேபிளில் வரிசையாகப் பனியனை ஒட்டி வைத்திருப்பார்கள். வலை கட்டிய சட்டத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, ரப்பர் கட்டையால் மையை இழுக்க வேண்டும். டேபிளுக்கு இந்தப் பக்கம் நான், எதிரில் கூட்டாளி. அந்தச் சட்டத்தைத்தான் ஸ்கிரீன் என்போம். அச்சடித்த பனியன் அடுப்பு மாதிரி சூடான ஒரு மெஷினுக்குள் பெல்ட்டில் போய், அந்தக் கோடியில் வந்து விழும். அந்தச் சூடு படாமல் இந்த மை காயாது. நாள் முழுக்க வெயிலில் போட்டாலும் தொட்டால் விரலோடு வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். "தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டேன். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய ஊட்டுல மறந்துட்டனுங்க" என்பேன். கையெழுத்து என்று ஒரு கோணல் கோடு பழகி வைத்திருந்தேன். வண்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். பதினாறு வருஷம் அந்த வண்டுதான் எனக்குச் சோறு போட்டது. ஒரு தடவை டேபிள்காரர் ஒருவர் சைஸ் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார். விசாரித்ததில் அவருக்கு எழுத்தே தெரியாது என்று வெளியே வந்தது. "கைநாட்டுக்கெல்லாம் டேபிள் எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர். மறுநாளிலிருந்து அந்த டேபிள்காரரைப் பனியன் மூட்டை கட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வார்த்தை கேட்ட அன்றைக்கு ராத்திரி என் வண்டை இன்னும் நாலு தடவை வரைந்து பார்த்தேன்.

பாட்டுக்கு வருகிறேன். போன வருஷம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிற ஒரு பாட்டுக் கோஷ்டியாம். திராஷ் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர் என்றார் கூட்டாளி. கறுப்புப் பனியனில் முன்னால் சிவப்பு மண்டையோடு. முதுகில் அவர்களுடைய பாட்டுகளிலேயே சிறந்த பத்து, வெள்ளையில், ஒன்றின் கீழ் ஒன்றாக. எழுத்தெல்லாம் சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டாற்போல இருக்கும்.

கூட்டாளிக்கு அந்தக் கோஷ்டி என்றால் பைத்தியம். காலியான மை வாளிக்குள் செல்போனைப் போட்டுப் பத்துப் பாட்டையும் வரிசையாக ஓடவிட்டார். வாளி கணகணவென்று அதிர்ந்தது. தறிச் சத்தத்தில் எனக்கு வலது காது போய்விட்டது. அதனால் இடது காதை வாளிப் பக்கம் திருப்பினேன்.

"இது பாட்டாங்க? நாலு தறி ஒண்ணா ஓடுது" என்றேன்.

"அண்ணாச்சி, நாலு பேருதான் வாசிக்கானுவ. சரியா சொல்லுதியளே!" என்று சிரித்தார்.

அடுத்தது வரும்போதெல்லாம் முதுகில் அந்தப் பாட்டின் பெயரைக் காட்டி, "இப்ப இந்தா இது" என்பார். அப்படியே ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு சத்தம் எனக்குள் ஒட்டிக்கொண்டது. முதலாவது, கரண்ட் வந்ததும் மோட்டார் முனகி எழுவது மாதிரி. மூன்றாவது பெயர் பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கும். பாட்டோ மூச்சே விடாது, ஊடை தீராத நாடா. ஐந்தாவது கூட்டாளியுடையது, எனக்குக் கொட்டாவி. ஏழாவதில் பாடுகிறவன் யாரையோ திட்டுகிறான், யாரென்று கூட்டாளிக்கும் தெரியவில்லை.

ஒன்பதாவதின் பெயர் அரிவாள் மாதிரி ஒரு எழுத்தில் ஆரம்பிக்கும். பாட்டு வெறிபிடித்து ஓடும். நடுவில் சட்டென்று எல்லாம் நின்றுபோகும். இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு மறுபடியும் ஓடும். அந்த இரண்டு மூச்சு வரும்போதெல்லாம் என் கை மையை இழுக்காமல் நின்றுவிடும். தறிக்குடோனில் கரண்ட் போனால் இப்படித்தான். காது ஙொய்யென்று கேட்கும். பக்கத்துத் தறி ஓட்டிய பெண்ணோடு அப்போதுதான் பேச முடியும். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதும் அப்படி ஒரு நேரத்தில்தான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், கரண்ட் வந்துவிட்டது. அடுத்து கரண்ட் போகும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கும் நான் அதிகம் பேசினால், "கரண்டு வந்துருச்சுங்க, போதும்" என்பாள்.

ஆர்டர் பாதி முடிந்தபோது கூட்டாளி மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்குக் காலையில் முதுகு ஸ்கிரீனின் வலை கிழிந்தது. புதிது செய்து கொண்டுவந்தார்கள். மாதிரிக்கு ஒன்று அடித்தோம். சூப்பர்வைசர் பார்த்தார், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அம்மிணியும் பார்த்தது. சரி என்றார்கள். நானும் மாதிரி சரி என்கிற தாளில் என் வண்டை வரைந்தேன்.

ஆறாவது பனியனோ ஏழாவதோ, எனக்குள் ஏதோ இடறியது. தறியில் ஒரு நூல் அறுந்தால் கண் பார்க்கும் முன்னே காது சொல்லும், அது மாதிரி. மேலிருந்து வரிசையாக மனசுக்குள் பாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது இடத்தில் அரிவாள் இல்லை. அங்கே சீப்பு நின்றது. மூன்றாவதிலும் சீப்பு, ஒன்பதிலும் சீப்பு.

நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன தப்பு, படித்துக் காட்டு என்பார்கள். கை இழுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமல் திரும்பி வந்தேன். எதிரில் கூட்டாளிக்குப் பதிலாக நின்ற பீகார்க்காரத் தம்பி, "தாத்தா, தபியத் டீக் ஹை?" என்றான். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறான். தலையை ஆட்டினேன். பெரியவர்களே பார்த்துச் சரி என்றுவிட்டார்களே, உனக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சீப்பு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு மூச்சு காணாமல் போயிற்று. டீ வருவதற்குள் நூற்றைம்பது பனியன் போயிருக்கும். டீயைக் கீழே வைத்துவிட்டு ரப்பர் கட்டையைக் கவிழ்த்துப் போட்டேன்.

"ஏனுங்க, நின்னுட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒம்பதாவது தப்புங்க. மூணாவதே மறுக்கா வந்திருக்குது."

அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலீங்களே. எங்கே, மூணாவது என்னன்னு படிங்க பாக்கலாம்."

"கண்ணாடி..."

"பாக்கெட்டுலதானுங்க இருக்குது."

சட்டைப் பையில் கண்ணாடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். மாட்டினேன். சீப்பு இன்னும் தெளிவான சீப்பாகத் தெரிந்தது. நாலு டேபிளும் நின்றுவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சின்னதுல இருந்தே தெரியாது."

"அப்புறம் தப்புன்னு எதை வச்சுச் சொல்றீங்க? இதுல உங்க கையெழுத்தும் இருக்குதே!"

"பாட்டை வச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். மெர்ச்சண்டைசர் அம்மிணி சிரிக்கவில்லை. அது பனியனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தது. பிறகு மெதுவாக, "சார், உண்மையச் சொன்னா இந்த எழுத்து எனக்கும் படிக்க முடியலீங்க. நீங்க பாத்தீங்கன்னுதான் நான் ஓகே சொன்னேன்" என்றது.

"நீங்க பாத்தீங்கன்னுதானுங்க நான் சொன்னேன்" என்றார் அவர்.

அம்மிணி கூட்டாளிக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தது. அந்தப் பக்கம் வேட்டுச் சத்தம், மேளச் சத்தம். "அம்மிணி, அவுரைப் பேச வேண்டாம்னு சொல்லு. நான் தட்டுறேன், எத்தனாவதுன்னு சொல்லட்டும்" என்றேன். மை வாளியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் தட்டினேன். மூச்சு விடாமல் தட்டினேன்.

"அது மூணுல்லா!" என்றது போன்.

அடுத்ததைத் தட்டினேன். வெறிபிடித்து ஓடி, சட்டென்று நிறுத்தினேன். இரண்டு மூச்சு. மறுபடி ஆரம்பிக்கும் முன்பே அவர் கத்தினார், "ஒம்பது! ஏ அண்ணாச்சி, வேலை நேரத்துல என்ன கூத்து நடக்கு அங்க?"

அம்மிணி ஒன்பதாவது பாட்டின் பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக்கொண்டது. பனியனில் விரல் வைத்து எண்ணியது. ஒன்பதாவதில் இருந்தது வேறு பெயர். ஸ்கிரீன் செய்கிற இடத்தில் எழுத்துப் பதிந்த ஃபிலிமை வரி வரியாக வெட்டி ஒட்டியவர்கள் ஒரே வரியை இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அது முள்ளாகத்தான் தெரிந்திருக்கும். என் நூற்றைம்பதும் கழிவுக்குப் போனது. முதல் பத்துப் பனியனிலேயே சொல்லியிருக்கலாமே என்று அம்மிணி கேட்டது. நான் ரப்பர் கட்டையில் ஒட்டிய மையை வழித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சரியான ஸ்கிரீன் வந்தது. அடித்தோம். ஒன்பதில் அரிவாள். சூப்பர்வைசர் தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டு, நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

"இப்ப எப்படிங்க? ஓனர் பாத்தா நான் என்னன்னு சொல்றது?"

"கைநாட்டுன்னு சொல்லுங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டார். மண்டையோட்டுக்கு வைத்திருந்த சிவப்பு மையில் கட்டை விரலைத் தொட்டுத் தாளில் அழுத்தினேன். அம்மிணி அதைக் கையில் எடுக்கப் போனது.

"தொடாத கண்ணு, காயாது" என்றேன்.

"போடுங்க, மிஷின்ல போட்டு எடுங்க. எடுத்துட்டு டேபிளுக்கு வாங்க, ஆர்டர் நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

தாளைப் பெல்ட்டில் வைத்தேன். அது உள்ளே போயிற்று. மெஷின் ஓரமாகவே நடந்து அந்தக் கோடிக்குப் போய்க் காத்திருந்தேன். இரண்டு பனியனுக்கு நடுவில் தாள் வந்து விழுந்தது. மை காய்ந்திருந்தது. ஓரம்தான் சூட்டில் கொஞ்சம் பழுத்திருந்தது.