வ. புதுப்பட்டியில் வால் நட்சத்திரம்

வால் நட்சத்திரம் பார்க்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், நான் வ. புதுப்பட்டிக்குத்தான் அனுப்புவேன். ஆனால் நான் அங்கே போனது நட்சத்திரம் பார்க்க அல்ல. என் தங்கச்சி செல்வியின் நிச்சயதார்த்தத்தைக் காப்பாற்ற. 1997, பங்குனிக் கடைசி. சித்திரையில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் வானத்தில் வாலோடு ஒன்று வந்து நிற்க, மாப்பிள்ளையின் அப்பா, "அது போற வரைக்கும் எதுவும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். செல்வி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ராஜபாளையத்தில் மூணே முக்கால் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டரை ரூபாய். நின்றுகொண்டேதான் போனேன். கோபுரம் தெரிந்ததும், "நீயும் கல்யாணத்துக்குக் காத்துக் கெடந்தவதானே ஆண்டாளு, செத்த பாத்துக்கோ" என்று ஜன்னல் வழியாகவே வேண்டிக்கொண்டேன். "யார்ட்ட பேசுதீக?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா. அங்கே வத்திராயிருப்பு பஸ் மாறி, வ. புதுப்பட்டியில் இறங்கும்போது ஐந்தே முக்கால்.

மாப்பிள்ளையின் அப்பாவை அப்போதே நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தலையில் துண்டைப் போட்டு, குனிந்தபடி மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அது வந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் தலை நிமிர்வதே இல்லையாம். மாப்பிள்ளை முருகேசன் அறிவியல் வாத்தியார். அவரும் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"பிரான்ஸ் தேசத்துல ஒருத்தர், ஆயுசு பூரா வால் நட்சத்திரமும் குட்டிக் கிரகமுமா தேடித் தேடிக் கண்டுபிடிச்சாருப்பா. எம்பது வயசு தாண்டி நல்லாத்தான் இருந்தாரு."

"அவரு புள்ளைக்கு நிச்சயம் பண்ணும்போது வந்துச்சாலே?"

"அது புஸ்தகத்துல போடலப்பா."

"பொறவு என்னலே பேசுத?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "மாமா, நீங்க அத ஒரு தரமாவது பாத்தீகளா?" என்றேன்.

"பாக்காமலே இம்புட்டுப் பாடு. பாத்தா என்னாகும் தாயி?"

ஏழே கால் வாக்கில் அது தெரிந்தது. மகாலிங்கசாமி கோயில் கொண்ட சதுரகிரி மலைக்கு மேலே, நெற்றியில் இழுத்த ஒற்றை விபூதிக் கீற்று மாதிரி. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"மாமா, அது எங்க எறங்குதுன்னு மட்டும் பாருங்க. மகாலிங்கம் மலையில எறங்குது. தெனமும் சாமி கும்பிட வாரதப் போயி கெட்டதுங்கீகளே!"

மாமா துண்டை மெல்ல விலக்கினார். அது மலைக்குப் பின்னால் மறையும் வரை, முக்கால் மணி நேரம், அசையவில்லை. கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு சொன்னார்: "நிச்சயத்த வச்ச நாள்லயே வைங்க. காலையில வேண்டாம், சாயங்காலமா வைங்க. அதுவும் இருக்கட்டும்."

இனி ஒன்று வந்தால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மலையடியில் போய் நிற்காதீர்கள், மலையே மறைத்துவிடும். கிழக்கே தள்ளி வெட்டவெளியில் நில்லுங்கள். திரும்பும் பஸ்ஸை முதலிலேயே விசாரித்து வையுங்கள். இல்லையென்றால் என்னைப் போலச் சம்பந்தி வீட்டில் பாய் கேட்க வேண்டியதுதான்.

மாமா இப்போது இல்லை. நிச்சயத்தன்று போட்டோக்காரரிடம் வானத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லி அவர் பிடிவாதம் பிடித்தார். படத்தில் எல்லோரும் கீழே பொடிப்பொடியாக நிற்கிறோம்; மேலே முழுக்கக் கறுப்பு. செல்வி அதைத்தான் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள்.