துரு தின்ற காற்று

கம்மாபுரம் பக்கம் ஒரு ஆலையில், மூடிக்கிடந்த இரும்புத் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்கினான் கொளஞ்சி. இரண்டு பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். விஷவாயு எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஈரத்தில் துருப்பிடிக்கும் இரும்பு காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், மூடிய தொட்டிக்குள் மூச்சுக்கு மிச்சம் இருக்காது என்று அவர் சொன்னதைக் கொளஞ்சியின் மனைவி அம்சவல்லி மறக்கவே இல்லை.

பிறகு அவள் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே களிமண் குழம்பு ஊற்றிவைக்கும் பழைய இரும்புத் தொட்டி ஒன்று, தரையில் புதைத்தபடி, மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்தது. அதைக் கழுவப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளியிடம் போனாள்.

"காத்துக் குழாய உள்ள வுட்டுட்டு எறங்கச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். தொட்டியைக் கழுவ இறங்கவிருந்த பிரவீன்குமாரிடம் சொல்லவில்லை.

மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டு அவள் ஓடி வருவதற்குள் பிரவீன்குமார் ஏணியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டான். அலறக்கூட இல்லை. அவனுடைய அண்ணன் திலீபன் ஒரு காலை உள்ளே விட்டிருந்தான்.

"எறங்காத திலீபா. உள்ள காத்து இல்ல."

"என் தம்பி கெடக்குறான்க்கா, வுடு."

சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் முழங்கையால் இடித்ததில் அவள் பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். அவன் மறுபடி ஏணியைப் பிடித்தான். சுவரோரம் கிடந்த கம்பியை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தாள். எலும்பு முறிவது கேட்டது. அப்படியும் ஊர்ந்தான். தோளில் இன்னொரு அடி. பிறகு அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கம்ப்ரசர போடுங்க, குழாய உள்ள வுடுங்க" என்று மற்றவர்களிடம் கத்தினாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிய்த்தான். அவள் எழவில்லை.

காற்று இறங்கியபின் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே வந்த பிரவீன்குமாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் கேட்டபோது, "ஆமாங்க, நாந்தான் அடிச்சேன்" என்றாள். முதலாளியிடம் முன்பே சொன்னதையும் சொன்னாள். அவரைக் கைது செய்தார்கள்.

காலில் கட்டோடு படுத்திருந்த திலீபனைப் பார்க்கப் போனாள். அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவள் முகத்தில் எறிந்தான்.

"நீ வுட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான்."

அவள் நெற்றியில் வழிந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் மனைவி வாசுகி வராந்தா வரை பின்னாலேயே வந்தாள்.

"அவரு ஒத்துக்க மாட்டாருக்கா" என்றவள், அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.