மிச்சம் மூன்று ஆட்டம்

ஏழு ஆட்டம் என்றால் ஏழும் நடக்கும் என்று நம்பிய மடையன் நான். பேஸ்பால் இறுதித் தொடரில் ஒரு அணி நாலாவது ஆட்டத்தையும் வென்று, ஆட்கள் கொண்டாட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்ததைப் பார்த்த பிறகும், ஐந்தாவது ஆட்டம் பார்க்க, கொறிக்க இறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு தெருமூலைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நெடிய, மெலிந்த கியூபெக்காரர். எங்கள் மொன்றியல் அணியின் தொப்பியை அவர் கழற்றி நான் கண்டதில்லை. அந்த இலையுதிர்காலத்தில்தான் அணியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடிவெடுத்திருந்தார்கள். அவர் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வேறு ஊர்க்காரரின் தொடரைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே முழுதும் பார்த்தார்.

அன்று தொலைக்காட்சி அணைந்திருந்தது. அவருடைய பிரெஞ்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

"நாலு வெண்டால் முடிஞ்சுது, மெஸ்யூ. மிச்சம் மூண்டும் இல்லை."

"எங்கட கிரிக்கெட்டில அப்பிடியில்லை. தொடரைத் தோத்தாலும் மிச்ச ஆட்டத்தையும் விளையாடித்தான் போகவேணும்."

"தோத்த பிறகுமோ? சனம் வருமோ?"

"ஓம், வரும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். கோயிலுக்குள் வந்தவர்போல, நரைத்த வெறுந்தலையோடு அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விளையாட்டின் முன்னால் அப்படி நின்ற மனிதரை நான் பிறகு எங்கும் காணவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். மனைவி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அந்த மனுசனுக்கு பேஸ்பால் ரீமே இல்லாமப் போச்சு. நீங்கள் போய், தோத்தவைக்கும் ஆட்டம் மிச்சம் இருக்கெண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியள்."