எங்கள் தெருவின் டியூப்லைட்டுகள்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்தபோது, தறிக்கு மேலே தொங்கிய பழைய டியூப்லைட்டுகள் ஊருக்கு வெளியே ஓடைப் பள்ளத்துக்குப் போகத் தொடங்கின. விழுந்து வெடிக்கிற சத்தத்தைக் கேட்பதற்கென்றே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். டியூப்புக்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஆவியாகி மூச்சில் ஏறும் என்று வீடு வீடாகச் சொன்னது நான்தான். உடைக்காமல் என்னிடம் கொடுங்கள், திண்டுக்கல்லில் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் சின்னாளப்பட்டியே கேட்கும் என்று ஒரு நினைப்பு. தெரு கேட்கவும் செய்தது. நூல் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் அப்பாவே, மகள் கேட்கிறாள் என்று பெருமையாகச் சொல்லி வாங்கி வந்தார்.

பழைய சேலைகளில் சுற்றிய டியூப்புகள் கட்டிலுக்கு அடியில் நிறைந்தன. கூடவே வந்த சுருள் சி.எஃப்.எல். பல்புகளை முட்டை அட்டைகளில் அடுக்கினேன். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துவர நாள் குறித்ததும் அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியைக் காட்டினாள்.

"வெசம்னு ஊருக்கெல்லாம் நீதான சொன்ன? பிள்ளத்தாச்சி வந்து படுக்குற எடத்துலயே அம்புட்டையும் சேத்து வச்சிருக்க."

மறுநாள் காலை அப்பாவின் டி.வி.எஸ்.ஸில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து டியூப்புக் கட்டைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மின்கழிவு எடுக்கப்படும் என்று பலகை வைத்த ஒரு கடையைப் பேருந்தில் போகும்போது பார்த்திருந்தேன். ஒரு போன் செய்துகூடக் கேட்கவில்லை. பலகையைப் படித்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

கடையில் என் வயதுள்ள ஒருவர் இருந்தார். நான் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்பதும் அதற்கு ஒரு காரணம். கம்ப்யூட்டர், போன், வயர் மட்டும்தான் எடுப்போம், டியூப்லைட்டுக்கு வேறு கம்பெனி, வேறு வண்டி என்று அவர் தமிழில் சொன்னார். டியூப்லைட்டும் மின்கழிவுதான் என்று நான் விடாமல் சட்டம் பேசினேன்.

"சட்டமெல்லாம் சரிம்மா. ஒடஞ்சா கூட்டி அள்ளுறது நாந்தான?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"எம்மக படிச்ச பிள்ள தம்பி, தெரியாம சொல்லாது. வீட்டுக்குப் பிள்ளத்தாச்சி வருது, திருப்பித் தூக்கிட்டுப் போக முடியாது. எங்கனயாச்சும் ஒரு ஓரத்துல வச்சுக்கங்க சாமி."

நூல் கொடுக்கும் முதலாளி வீட்டு வாசலில் அப்பா இப்படி நின்றதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நான் படித்துவிட்டால் அவர் யார் முன்னாலும் துண்டை எடுக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். சிமெண்டுத் தரையில் வெடிப்பு ஓடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் யாருக்கோ போன் செய்தார். ஒரு மில்லிலிருந்து பழைய டியூப்புகளை ஏற்றிப்போக வண்டி வருகிறதாம், அதில் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். பெரியவர் கேட்டதற்காக வைத்துக்கொள்கிறேன், இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று அப்பாவிடம்தான் சொன்னார்.

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, என் இங்கிலீஷைக் கேட்டுத்தான் அந்த ஆள் இறங்கி வந்தான் என்று டீக்கடைக்காரரிடம் அப்பா சொன்னார். நான் டம்ளரைப் பார்த்தபடி குடித்து முடித்தேன்.

சாயங்காலம் பக்கத்துச் சந்து அக்கா ஒருவர் இரண்டு டியூப்புகளோடு வாசலில் வந்து நின்றார்.

"குடு தாயி, எம்மக பேசிக்கிரும்" என்றார் அப்பா.

நான் கை நீட்டவில்லை. "இப்ப வேணாங்கா. சேலையில சுத்தி, பிள்ளைங்க கை படாத எடத்துல வைங்க. எங்க எடுப்பாகன்னு கேட்டுட்டு நானே வந்து வாங்கிக்கிறேன்."

"காலைல நீ பேசுனதும் எடுத்துக்கிட்டாகன்னு உங்கப்பா சொன்னாரே?"

"நான் பேசி ஒண்ணும் நடக்கலக்கா. எங்கப்பா கும்பிட்டாரு, அதான் வாங்கினாக."

அந்த அக்கா அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, டியூப்புகளை அணைத்துப் பிடித்தபடி திரும்பிப் போனார். அப்பா, "உள்ள போ" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.